இல்க்காவின் வாசலில் மட்டும் பனி

சவுனாவின் கற்கள் சூடாக இருந்தன.

இல்க்கா கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை அடுப்புக்கு மேலே காட்டிப் பார்த்தான். நெருப்பு அணைந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. பலகையில் ஈரம். ஆணியில் தொங்கிய துண்டிலும் ஈரம். சனிக்கிழமை என்றால் இதில் ஒன்றுமில்லை, ஊரே நீராவிக் குளியல் எடுக்கும் நாள். புதன் என்றாலும் போகட்டும். ஆனால் இன்றைக்குச் செவ்வாய். செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் சவுனாவுக்கு விறகு போடுகிற வீட்டை அந்த ஏரிக்கரையில் அவன் கேள்விப்பட்டதே இல்லை.

அவன் ஓட்டுகிற பனி தள்ளும் லாரியில் எண்ணெய்க் குழாய் வெடித்துவிட்டது. அதனால்தான் வழக்கத்துக்கு முன்பே வீடு திரும்பியிருந்தான். கையில் அப்பியிருந்த கறுப்பை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாமே என்று சவுனாவில் கழுவ வந்தவனுக்கு இந்தச் சூடு எதிரே நின்றது.

அடுக்களையில் மனைவி கிர்சி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். தலைமுடி ஈரமாக இருந்தது.

"என்ன, சீக்கிரம் வந்துட்ட?"

"குழாய் போச்சு." அவன் தொட்டிக்கு மேலே இருந்த அலமாரியைத் திறந்தான். கழுவிய பாத்திரங்கள் நீர் வடிய நிற்கும் அலமாரி அது. இரண்டு கோப்பைகளும் இரண்டு சாஸர்களும் சொட்டிக்கொண்டிருந்தன. அந்த வீட்டில் வீட்டாருக்குக் குவளைதான். சாஸரோடு கோப்பை விருந்தாளிக்கு.

"சவுனா போட்டியா?"

"ஹில்லாவுக்குக் கால் இறுகிப்போச்சு. கொஞ்சம் சூடு காட்டினேன்."

நல்ல பதில்தான். கேட்பதற்கு முன்பே செய்து வைத்திருந்த பதில் மாதிரி இருந்ததுதான் அவனை உறுத்தியது. கோப்பைகளைப் பற்றி அவன் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு நல்ல பதில் தயாராக இருந்துவிடுமோ என்று தோன்றியது.

மகள் ஹில்லா தன் அறையில் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள். பதினோரு வயது. பிறக்கும்போதே மூளை முடக்குவாதம். கைகால்கள் அவள் சொன்னபடி கேட்பதில்லை. கேட்காமல் சும்மா இருப்பதுமில்லை, தம் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருக்கும். வாய்ப்பேச்சு இரண்டு மூன்று சத்தங்களோடு சரி. மேலே பார்த்தால் ஆமாம். கண்ணை மூடினால் இல்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் வகுப்பில் கணக்குப் போடுவாள், டாக்ஸிக்காரரைக் கிண்டல் செய்வாள், பிடிக்காத சாப்பாட்டைத் திருப்பி அனுப்புவாள்.

அப்பாவைக் கண்டதும் அவள் கால்கள் ஒன்றன்மேல் ஒன்று கத்தரிபோலப் பின்னிக்கொண்டன. கன்னங்கள் சிவந்திருந்தன. சவுனாச் சிவப்பு இல்லை, காற்று அறைந்த சிவப்பு. இடது கன்னத்தில் எதுவோ மினுங்கியது. இல்க்கா விரல்நுனியால் எடுத்துப் பார்த்தான்.

மீன் செதில்.

"பள்ளிக்கூடத்துல இன்னிக்கு மீன்" என்றாள் கிர்சி, வாசற்படியில் நின்றபடி.

பள்ளிக்கூடத்தில் மீனைச் செதிலோடு போடுவதில்லை. இல்க்கா தலையை மட்டும் ஆட்டினான்.

*

பின்லாந்தின் கிழக்கெல்லையில், பியேலினென் ஏரிக்கரையில், அதே வீட்டில் பிறந்து அதே வீட்டில் நாற்பத்து மூன்று வயதை எட்டியவன் இல்க்கா. கோடையில் மண்சாலைகளைச் சமன்செய்வான். குளிர்காலத்தில் இருட்டு விலகும் முன்பே கிளம்பிப்போய்ப் பனி தள்ளுவான். அதிகம் பேசமாட்டான். பனியைப் படிப்பான். எந்த வீட்டுக்கு முயல் வந்தது, எந்த வீட்டுக்குத் தபால்காரர் வரவில்லை, எந்த வீட்டுக்காரன் குடித்துவிட்டுத் திரும்பினான் எல்லாம் அவனுக்குத் தெரியும். 'இல்க்காவுக்குத் தெரியாம இந்த ஊர்ல கள்ளத்தனம் பண்ணணும்னா கோடைக்காலம் வரைக்கும் காத்திருக்கணும்' என்று ஊரில் ஒரு பேச்சு.

அவனுடைய பயத்துக்கு ஒரு பெயர் இருந்தது. எய்னோ. அப்பாவின் தம்பி. ஹில்லாவைப் போலவே பிறந்தவர். ஆறு வயதில் ஒரு கார் வந்து அவரைப் பராமரிப்பு விடுதிக்கு அழைத்துப்போனது. "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. இல்க்கா அவரைப் பார்த்ததில்லை. குடும்பப் படத்தில் ஒரு நாற்காலிக்குப் பின்னால் பாதி மறைந்த ஒரு கை மட்டும் இருக்கிறது. அந்தக் கை எய்னோவுடையது என்று அப்பா ஒரே ஒரு தரம் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் படத்தின் பக்கம் யாரும் பேச்சைத் திருப்பவில்லை.

ஹில்லாவுக்கு மூன்று வயது இருக்கும்போது இவர்களையும் ஓர் அலுவலகத்துக்கு அழைத்தார்கள். காபி வந்தது, ஏலக்காய் ரொட்டி வந்தது. மென்குரல் பெண் ஒருத்தி பேசினாள்.

"கொஞ்ச நாளைக்கு ஆரம்பிச்சுப் பாக்கலாம். மாசத்துல ரெண்டு மூணு ராத்திரி விடுதியில இருக்கட்டும். அம்மாவும் தூங்கணும் இல்லையா?"

இல்க்கா எழுந்துவிட்டான். காபியைத் தொடவில்லை. வைத்த காபியைக் குடிக்காமல் எழுவது அந்த ஊரில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். கார் வீட்டை நெருங்கும்வரை பேசாமல் வந்தவன், வாசலில் வண்டியை நிறுத்தியதும் சொன்னான்: "என் பொண்ணத் தூக்குறதுக்குன்னு எவனும் எவளும் இந்த வாசல்ல கால் வெக்கக் கூடாது."

கிர்சி ஜன்னல்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அந்தப் பக்கத்து வழக்கம். அவனும் எடுத்துக்கொண்டான்.

அதிலிருந்து இரவுகள் கிர்சியுடையவை. ஹில்லாவைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தசை இழுத்துக்கொண்டால் நீவிவிட வேண்டும். அவன் விடியுமுன் கிளம்ப வேண்டியவன், அவனை எழுப்பக்கூடாது. கிர்சியின் முகம் மெல்ல மெல்ல வெளுத்த துணிபோல ஆனது. போன இலையுதிர்காலத்தில் ஒருநாள் அவள் காரை முடுக்கிவிட்டு, ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தபடி, எங்கும் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். இல்க்கா ஜன்னலில் நின்று பார்த்தான். அவள் இஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே வரும்வரை நின்றான். வந்தவளிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு வார்த்தையை எடுத்தால் அதன் பின்னால் எது வருமோ.

அப்படிப்பட்ட கிர்சி இப்போது பாட்டை முணுமுணுக்கிறாள். உருளைக்கிழங்கு சீவும்போது முணுமுணுக்கிறாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருமை வெளுத்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் இல்க்கா அதைத் திருட்டுப்பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். இந்தச் சந்தோஷம் எங்கிருந்து வந்தது? எதைக் கொடுத்து இதை வாங்கினாள்?

விரிகுடாவுக்கு அக்கரையில் மஞ்சள் கட்டடம் ஒன்று இருந்தது. பராமரிப்பு விடுதி. வாரம் மூன்று தரம் அதன் முற்றத்துப் பனியைத் தள்ளுவதும் இல்க்காதான். கதவுப்பக்கம் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

*

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம் தன் பாதையை வேண்டுமென்றே மாற்றி வீட்டுப்பக்கம் வந்தான். சாலைத் திருப்பத்தில், தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில், துருநிறத்தில் ஒரு பழைய வேன் ஒதுங்கி நின்றது. வீட்டு வாசலுக்கு வராமல் ஏன் அங்கே நிற்க வேண்டும்? இறங்கிப் பார்த்தான். தடம் இல்லை. விடியற்காலையில் அவனே தள்ளிச் சுத்தம் செய்த பாதை. கண்ணாடிபோல இறுகிக்கிடந்தது. பின்னால் வேறு வண்டி ஒலியெழுப்பவே ஏறிப்போய்விட்டான்.

பெட்ரோல் நிலையத்துக் காபிக் கடையில் கலெவியிடம் பாதியைச் சொன்னான். கலெவி பக்கத்து ஊர்ச் சாலையில் பனி தள்ளுகிறவன். வாயை மூடத் தெரியாதவன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்ற நிலையில் இல்க்காவுக்கு அவன்தான் கிடைத்தான்.

"பொண்டாட்டி பாடுறாளா?" என்றான் கலெவி. "அடப்பாவி! என் பொண்டாட்டி கடைசியாப் பாடினது எங்கம்மா செத்தப்ப."

"விளையாடாத."

"சரி, சரி. பட்டப்பகல்ல சவுனா. ரெண்டு கோப்பை. ஒளிச்சு நிறுத்தின வண்டி. ஏம்ப்பா, இதுக்கு மேல உனக்கு என்ன வேணும், கல்யாணப் பத்திரிகையா?"

"அது இல்ல. அப்படின்னா நான் பயப்பட மாட்டேன்." இல்க்கா குரலைத் தாழ்த்தினான். "ஆபீஸ்லேர்ந்து யாரோ வந்து போறாங்க. ஹில்லாவ அக்கரைக்குக் கொண்டுபோறதுக்கு. கொஞ்சம் கொஞ்சமா பழக்குறாங்க. எனக்குத் தெரிய வர்றப்போ எல்லாம் முடிஞ்சிருக்கும்."

கலெவி கொஞ்ச நேரம் சிரிக்காமல் இருந்தான். அது அவனுக்குக் கஷ்டம். பிறகு, "உனக்கா தடம் பாக்கச் சொல்லித் தரணும்?" என்றான்.

"தடமே இல்ல."

"எப்படிய்யா விழும்? நீதான் துடைச்சு வெக்கிறியே. நம்ம பொழப்பே தடத்த அழிக்கிறதுதான?"

*

அன்று மாலை ஹில்லாவின் கால்களில் காலிப்பர் தாங்கியை மாட்டிவிட அவனே போனான். அவள் கால்விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, பட்டையை இறுக்கி, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"செவ்வாய்க்கிழம யாராச்சும் வர்றாங்களா?"

கால் விறைத்தது. அவன் கைக்குள்ளேயே தெரிந்தது. அவள் உடம்புக்குப் பொய் சொல்லத் தெரியாது. மனதில் ஒரு சின்ன அலை எழுந்தாலும் கைகால்கள் ஊருக்கே தண்டோரா போட்டுவிடும். வலது கை தானாக எழுந்து காற்றில் அலைந்தது.

"அம்மா சொல்லக் கூடாதுன்னு சொன்னாளா?"

ஹில்லா கண்ணை மூடினாள். அது 'இல்லை' என்பதற்கான மூடல் இல்லை. 'இல்லை' என்றால் ஒருதரம் மூடித் திறப்பாள். இப்போது திறக்கவே இல்லை. கடையை அடைத்துவிட்டாள்.

"யாரோ உன்ன எங்கயோ கூட்டிட்டுப் போறாங்க. அப்படித்தான? அப்பாகிட்டச் சொல்லும்மா. அப்பா கோவிச்சுக்க மாட்டேன்."

இமைகள் நடுங்கின, திறக்கவில்லை. உதடு மட்டும் கோணிக்கொண்டு சிரிப்பு வெளியே பிதுங்கியது. குளிக்கவைப்பது ஒருத்தர், ஊட்டுவது ஒருத்தர், கழிப்பறைக்குக் கூட்டிப்போவது ஒருத்தர். அவள் வயிற்றுக்குள் நடப்பதுவரை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண்ணிடம் இப்போது அவனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அதை அவள் பல்லிடுக்கில் கற்கண்டைப்போல வைத்திருந்தாள்.

சிரிக்கவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தான் இல்க்கா. பழக்குகிறவர்கள் முதலில் அதைத்தான் செய்வார்கள்.

*

திங்கள் இரவு நல்ல பனி. செவ்வாய் விடியலில் ஏரிக்கரை முழுக்க முழங்காலளவு வெண்மை. இல்க்கா ஊர்ச்சாலையைத் தள்ளினான், பள்ளிக்கூட வாசலைத் தள்ளினான், மஞ்சள் கட்டடத்து முற்றத்தைத் தள்ளினான். தன் வீட்டு வாசலை மட்டும் விட்டுவிட்டான்.

காலைக் காபிக்கு அவன் உள்ளே வந்தபோது கிர்சி ஜன்னலில் நின்றாள்.

"வாசலத் தள்ளலையா?"

"மெஷின் மக்கர் பண்ணுது."

"பள்ளிக்கூட டாக்ஸி உள்ள வராதே. ஹில்லாவ எப்படி ஏத்துறது?"

"ரோட்டுல நிக்கட்டும். உதைவண்டியில வெச்சுத் தள்ளிட்டுப் போ."

முன்னால் ஓர் இருக்கை, அடியில் இரண்டு நீளக் கம்பிகள், பின்னால் நின்று ஒரு காலால் உந்தித் தள்ளுகிற வண்டி. எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். ஆனால் முழங்கால் பனியில் அதுவும் புதையும். அது இல்க்காவுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும் என்று கிர்சிக்கும் தெரியும். அவள் அவனை ஒரு கணம் அதிகமாகப் பார்த்தாள். அவன் காபியை ஊதிக் குடித்தான்.

ஹில்லாவுக்குச் செவ்வாயன்று அரைநாள்தான் பள்ளிக்கூடம். மதியம் லாரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு இறங்கினான்.

துருநிற வேன் இன்றைக்கு ஒளியவில்லை. சாலையோரம் பனிமேடாக இருந்ததால் ஒதுங்க இடமில்லாமல் வாசலுக்குள் நுழையப் பார்த்திருக்கிறது. பாதி வழியில் புதைந்து, சக்கரம் சுழன்று சுழன்று குழி பறித்து, கோணலாக நின்றிருந்தது. உள்ளே யாருமில்லை.

அதைத் தாண்டி எல்லாம் எழுதி வைத்ததுபோல இருந்தது. டாக்ஸிக்குப் போய்வந்த கிர்சியின் தடங்களுக்கு நடுவே பெரிய பூட்ஸ் தடம், அவன் காலைவிடப் பெரியது. வேனிலிருந்து வீட்டுக்குள். வீட்டிலிருந்து வெளியே. இப்போது பூட்ஸ் தடத்துக்கு முன்னால் இரண்டு கோடுகள், ஆழமாக. உதைவண்டி. பாரம் ஏற்றிய உதைவண்டி. சவுனாவைக் கடந்து, கரையிறங்கி, உறைந்த ஏரிக்குள் நேராக. நேர் எதிரே, விரிகுடாவுக்கு அப்பால், மஞ்சள் கட்டடம்.

திரும்பி வந்த தடம் இல்லை.

"கிர்சி!" கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான். ஹில்லாவின் சக்கர நாற்காலி காலியாக இருந்தது. மேசையில் சாஸரோடு இரண்டு கோப்பைகள். படுக்கையறையில் திரை இழுத்து மூடியிருந்தது. கிர்சி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு காலில் மட்டும் காலுறை. பூட்ஸ் சத்தத்துக்கும் அவள் அசையவில்லை. குனிந்து அவள் மூக்கருகே கையை வைத்தான். மூச்சு சூடாக, நிதானமாக வந்தது.

கொடுத்துவிட்டுத் தூங்குகிறாள்.

அவளை எழுப்பவில்லை. எழுப்பினால் என்ன செய்வானோ என்று அவனுக்கே தெரியவில்லை. தடத்தைப் பிடித்துக்கொண்டு ஏரியில் இறங்கினான்.

பனிக்கட்டியின் மேல் காற்று தரையோடு தரையாக ஓடியது. அவன் அந்த மென்குரல் பெண்ணிடம் சொல்ல வேண்டியதை நடையிலேயே சொல்லிக்கொண்டு போனான். எய்னோவின் கையைப் பற்றிச் சொன்னான். கோடுகள் வளையாமல் மஞ்சள் கட்டடத்தை நோக்கிப் போயின. பிறகு, பைன் மரங்கள் நின்ற சின்னத் தீவுக்கருகில், திடீரென்று இடதுபக்கம் திரும்பின.

அங்கேதான் அந்தச் சத்தம் கேட்டது. ஹில்லாவின் சத்தம். அவளுடைய வலி அவனுக்குத் தெரியும், பசி தெரியும், கோபம் தெரியும். இது எதுவும் அதில்லை. இப்படி ஒரு சத்தத்தை அவன் கேட்டதே இல்லை. தீவைச் சுற்றி ஓடினான்.

காற்றுக்கு மறைப்பாக ஒரு தார்ப்பாய். அதன் பின்னால் உதைவண்டி. ஆட்டுத்தோலில் மூக்குவரை பொதிந்து ஹில்லா உட்கார்ந்திருந்தாள். ஒரு முழ நீளத் தூண்டில் பட்டையால் அவள் வலது மணிக்கட்டில் கட்டப்பட்டிருந்தது. அவளுக்கு முன்னால் பனிக்கட்டியில் ஒரு வட்டத் துளை. துளையருகே பெரிய உருவம் ஒன்று மண்டியிட்டு, முதுகில் கறுப்பு வரி போட்ட மீன் ஒன்றைக் கொக்கியிலிருந்து விடுவித்துக்கொண்டிருந்தது.

"யாருய்யா நீ?" என்று கத்தினான் இல்க்கா.

"மெதுவாப் பேசு. மீன் ஓடிரும்." உருவம் திரும்பி மயிர்க்குல்லாவைப் பின்னுக்குத் தள்ளியது. நாற்பது வயதுப் பெண் முகம். உதட்டோரம் அணைந்த சிகரெட். "ஓ, நீதான் இல்க்காவா? நல்லதாப் போச்சு. உன் வாசலப் பத்தி உங்கிட்டப் பேசணும்."

"என் பொண்ண எங்க கூட்டிட்டுப் போற?"

"எங்க போறேன்? இந்தா, இந்தத் துளைக்குத்தான்."

"அந்த மஞ்சக் கட்டடத்துக்கு இல்ல?"

அவள் அக்கரையை ஒருதரம் பார்த்தாள். "அங்க என்ன இருக்கு? அந்தப் பக்கம் ஆழமே இல்ல. மீன் நிக்காது."

ஹில்லா அவனை முறைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டுத்தோலுக்குள் கால்கள் உதைத்தன. அது பயமில்லை, கோபம். தன் அறைக்குள் தட்டாமல் நுழைந்தவனைப் பார்க்கிற கோபம்.

"தர்யா" என்று சொல்லி அந்தப் பெண் மீன்நாற்றக் கையை நீட்டினாள். "கிறிஸ்துமஸ் முடிஞ்சதுலேர்ந்து செவ்வாய்க்குச் செவ்வாய் இவளப் பாத்துக்க வரேன். வீட்டுலயே பிள்ளையப் பாத்துக்கிற அம்மாவுக்கு மாசத்துல இவ்வளவு நாள் விடுப்புன்னு சட்டமே இருக்கு. உன் பொண்டாட்டி இத்தன வருஷத்துல ஒருநாள்கூட எடுக்கலையாம். வேனத் திருப்பத்துல நிறுத்தச் சொன்னதும் அவதான்."

"நீ இங்க இருக்கிறப்ப அவ எங்க போறா?"

"போறதா?" தர்யா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "தூங்குறா, மனுஷா."

தூண்டில் நுனி துடித்தது. ஹில்லாவின் கை ஓயாமல் ஆடியது. சின்னச் சின்ன உதறல், ஒரு வெட்டு, மறுபடி உதறல். எந்த மருத்துவராலும் நிறுத்த முடியாத ஆட்டம். துளைக்குள் இறங்கிய தூண்டில் நரம்பு அந்த ஆட்டத்தை அப்படியே கீழே கொண்டுபோனது.

"அதப் பாரு" என்றாள் தர்யா. "தூண்டில இப்படி ஆட்டணும்னுதான் நான் இருபது வருஷமாக் கத்துக்கிறேன். வரல. எனக்கு இன்னிக்கு ஒரு மீனு. அவளுக்கு வாளியில பாரு. வெளிய தலகாட்ட முடியல."

ஹில்லா மீண்டும் அந்தச் சத்தத்தைப் போட்டாள். மீன் கடித்துவிட்டது.

*

காற்று திசைமாறியதும் தர்யா தார்ப்பாயைச் சுருட்டினாள். குளிர் ஏறினால் ஹில்லாவின் தசைகள் பூட்டிக்கொள்ளும். ஏரியிலிருந்து நேராகச் சவுனா வாசலுக்கு, வாசலிலிருந்து சூட்டுக்கு. அதுதான் அவர்கள் வழக்கம். கிளம்பும் முன்பே அடுப்பில் விறகு வைத்துவிடுவாள்.

ஏரியின் மேல் உதைவண்டி பறந்தது. காற்று பனியைச் சீவிப் போட்டிருந்தது. கரையேறியதும் புதைந்தது. இறங்கும்போது சரிவு உதவியிருந்தது, இப்போது ஏற்றம். தர்யா உந்தினாள். இல்க்கா முன்னால் நின்று இழுத்தான். கம்பிகள் பனிக்குள் மறைந்து, வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. சவுனாக் கதவு கண்ணுக்கு முன்னால் இருந்தது.

"ஊர்ல எல்லா வாசலும் சுத்தமா இருக்கு" என்றாள் தர்யா, மூச்சு வாங்க. "பனி தள்ளுறவன் வாசல்ல மட்டும் இப்படி!"

ஹில்லாவின் கால்கள் பலகைபோல நீட்டி விறைத்தன. முகம் வெளுத்தது. இல்க்கா அவளைத் தூக்கினான். ஓர் அடி வைத்தான், முழங்கால்வரை இறங்கினான். இன்னோர் அடி. மூன்றாவதில் நிலைதடுமாறி ஒரு முழங்காலில் விழுந்தான். அவளை விடவில்லை, ஆனால் குலுக்கல் அவள் இடுப்புவரை போனது. அவள் அலறினாள்.

இந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

தடம் பார்ப்பதற்காகத் தானே விட்டுவைத்த பனியில் மகளைச் சுமந்துகொண்டு மண்டியிட்டிருந்தான். வீட்டுக் கதவு திறந்தது. கிர்சி ஒரு காலுறையோடு, பூட்ஸ்கூடப் போடாமல், பனியில் ஓடிவந்தாள்.

சவுனாவில் கீழ்ப்பலகையில் ஹில்லாவைப் படுக்கவைத்தார்கள். தர்யா கற்களில் ஒரு கரண்டி நீர் ஊற்றினாள். ஆவி மெல்லச் சீறியது. கிர்சி மகளின் கெண்டைக்காலை நீவிக்கொண்டேயிருந்தாள், பூட்டு ஒவ்வொன்றாகத் திறக்கும்வரை. இல்க்கா உடைமாற்றும் அறையிலேயே நின்றான். அவன் பூட்ஸிலிருந்து நீர் வடிந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கிர்சி வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்" என்றான்.

"சொல்லிருந்தா? காபியக் குடிக்காம எழுந்து போயிருப்ப."

அவன் ஈரக் கையுறையைக் கழற்றினான்.

"வாசலத் தள்ளாதது மெஷின் மக்கர் பண்ணினதாலயா?"

அவன் பதில் சொல்லவில்லை. பேசாமல் இருப்பதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கும் தெரியும்.

"அன்னிக்குக் கார்ல உக்காந்திருந்தேன்ல" என்றாள். குரல் உயரவில்லை. "நீ ஜன்னல்ல நின்ன. பாத்தேன். இறங்கி வந்து கண்ணாடியத் தட்டுவேன்னு காத்துட்டிருந்தேன். நீ வரல. அப்புறந்தான் நான் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். எனக்கு ஹில்லாவ எங்கயும் அனுப்ப வேணாம் இல்க்கா. எனக்குத் தூங்கணும். அவ்வளவுதான். தூங்கலன்னா நான் ஒருநாள் அந்தக் காரை எடுத்துட்டுப் போயிருவேன்."

"எங்க?"

"எங்கயோ. அதான பயமே."

உள்ளேயிருந்து ஹில்லா ஒரு சத்தம் போட்டாள். தர்யா சிரிப்பது கேட்டது. கிர்சி உள்ளே போனாள்.

இல்க்கா லாரியைக் கொண்டுவந்தான். சங்கிலி கட்டி வேனை வெளியே இழுத்துப்போட்டான். பிறகு வாசலைத் தள்ளினான். வேன் வந்து திரும்பிப் போகிற அகலத்துக்கு, தேவைக்கு மேலாகவே. அவன் உள்ளே வந்தபோது மூன்று பெண்களும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். மீன் வெண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தது. அவன் இடத்தில் குவளை இல்லை. சாஸரோடு கோப்பை வைத்திருந்தாள் கிர்சி.

அவன் உட்கார்ந்து காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

"இது எத்தன நாளைக்கு?" என்று தர்யாவிடம் கேட்டான். "கொஞ்ச நாளைக்கா?"

"ஏரி உருகுற வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் படகு."

தர்யாவின் கண்களில் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினான். சோர்வும் மீன் கணக்கும்தான் தெரிந்தன. அதை நம்புவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மகள்பக்கம் திரும்பினான்.

"அடுத்த வாரம் அப்பாவும் வரட்டுமா?"

ஹில்லா அவனை நேராகப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள். ஒரே ஒருதரம், தெளிவாக. இல்லை.

தர்யா மேசையைத் தட்டிச் சிரித்தாள். கிர்சியும் சிரித்துவிட்டாள்.

*

அடுத்த செவ்வாய்க்கிழமை பனி இல்லை, அவனுக்கு வேலையும் இல்லை. திங்களன்றே வாசலைத் தள்ளி வைத்திருந்தான். சவுனாவிலிருந்து ஏரிவரை மட்டும், உதைவண்டி அகலத்துக்கு, மெல்லிய ஒரு பட்டை வெண்மையை விட்டிருந்தான். சுரண்டிய தரையில் கம்பி வழுக்காது, அதற்காகத்தான் என்று கிர்சியிடம் சொன்னான். அது உண்மைதான். முழு உண்மை இல்லை.

தர்யா வந்தாள். வேன் கதவருகே வந்து நின்றது. ஹில்லா அப்பாவைத் திரும்பிப் பார்க்காமலே போனாள்.

கிர்சி திரையை இழுத்துவிட்டுப் படுத்தாள். இந்தத் தரம் அறைக்கதவைச் சாத்தவில்லை. இல்க்கா அடுக்களை ஜன்னலில் உட்கார்ந்தான். நாற்காலி கிரீச்சிட்டது. அதன்பிறகு அசையவில்லை. வெளியே இரண்டு கோடுகள் ஏரிக்குள் போயிருந்தன. திரும்பி வந்த கோடுகள் இன்னும் இல்லை. உள்ளே கிர்சியின் மூச்சு நீளமாக வந்து போனது.

எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று அவன் கால்கள் இரண்டுதரம் கேட்டன. கோடுகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். காபி ஆறிப்போயிருந்தது. அதையும் குடித்தான்.